மலை ஊரில் எண்ண வேண்டியது கட்டில்களை

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. சீசனில் ஒரே நாளில் 20,000 வண்டிகள் வரை நீலகிரிக்கு ஏறுகின்றன என்ற கணக்கு அதற்குப் பின்னணி. முதல் வருடம் உச்சவரம்பு எதுவும் கிடையாது, கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு. பிழைப்பு போய்விடும் என்று ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். சுற்றுச்சூழல் பக்கம் நிற்பவர்கள் வரம்பை இன்னும் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு தரப்பும் சண்டை போட்டது வண்டி எண்ணிக்கையை வைத்துத்தான்.

கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று வண்டியை எண்ணுவது சுலபம். அந்த எண் மலைமேல் இருப்பவர்களின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது ரொம்பக் குறைவு. ஒரு நாளைக்கு 6,000 வண்டி உள்ளே வருவதாக வையுங்கள். எல்லோரும் சாயங்காலமே இறங்கிவிட்டால் ராத்திரி ஊரில் வெளியூர் வண்டி ஒன்றும் இருக்காது. சராசரியாக இரண்டு இரவு தங்கினால் எந்த நேரத்திலும் மேலே 12,000 வண்டி நிற்கும். மூன்று இரவு என்றால் 18,000. வரம்பு அதேதான், ஊர்தான் மூன்று விதமாக மாறிவிடுகிறது. தவிர, தனியாளாக வரும் பைக்கும் ஒரு வண்டி, ஐம்பது பேரை ஏற்றி வரும் தனியார் பேருந்தும் ஒரு வண்டி. நெரிசலைக் குறைக்க இந்த முறை உதவும், மறுக்கவில்லை. பர்லியாறு வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கும் சீசன் ஒருவழிப் பாதையும் அதற்குத்தான். ஆனால் தண்ணீர், கழிவு, வீட்டு வாடகை, யார் கையில் காசு நிற்கிறது என்பதெல்லாம் வண்டிக் கணக்கில் வராது. அவை கட்டில் கணக்கில் வருபவை.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் போடும் அளவு. மூன்று நட்சத்திரம் வரையிலான விடுதியில் தங்குபவருக்கு 180, அதற்கு மேற்பட்ட விடுதிகளில் 320. அலுவலகத்துக்கு வந்து போகிறவருக்கு 45 லிட்டர் போதும், காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணியை அதோடு ஒப்பிடலாம். ஆக, ராத்திரி தங்கும் ஒருவர் நான்கு பகல் பயணிக்குச் சமம்.

2011 கணக்கெடுப்பில் உதகமண்டலம் நகராட்சியின் மக்கள்தொகை 88,430. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஏறத்தாழ 1.2 கோடி லிட்டர். சீசனில் 25,000 பேர் தங்குவதாக வைத்துக்கொண்டால் 45 லட்சம் லிட்டர் கூடுதலாக வேண்டும். ஊருக்கே தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இது தாளில் போட்ட மாதிரிக் கணக்குதான், ஆனாலும் அளவு புரியும்.

வேண்டிய நேரமும் சரியில்லை. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி மே மாதம். தென்மேற்குப் பருவமழை தொடங்குவது ஜூனில். பார்சன்ஸ்வேலி உள்ளிட்ட அணைகளில் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் வாரங்களில்தான் ஊரில் ஆள் அதிகம். குழாயில் தண்ணீர் விடும் இடைவெளி நீளும்போது தெருக்காரர்கள் குடத்தோடு காத்திருப்பார்கள், விடுதிக்காரர் டேங்கர் லாரிக்குப் போன் போடுவார். அந்த லாரி எங்கே நிரப்புகிறது? சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் ஓடைகளிலும்தான். கேரட்டுக்குப் பாய வேண்டிய தண்ணீர் விருந்தாளியின் ஷவரில் கொட்டுகிறது.

மழைநீர்த் தொட்டி கட்டினால் தீர்ந்துவிடும் என்று விடுதிக்காரர்களுக்கு அறிவுரை சொல்வது வழக்கம். போட்டுப் பாருங்கள். 20 அறை, 40 பேர், ஆளுக்கு 180 லிட்டர் வீதம் நாளைக்கு 7,200 லிட்டர். கூரை 200 சதுர மீட்டர், வருட மழை சுமார் 1,200 மில்லிமீட்டர், ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால் கிடைப்பது 1,92,000 லிட்டர். மொத்தத்தையும் சேர்த்து வைத்தாலும் 27 நாள் ஓடாது. சேர்த்து வைக்க எட்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி வேண்டும். நிறைந்தால் 192 டன். 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தில், சரிவின்மேல் அத்தனை எடையை வைக்கும் முன் பத்து தடவை யோசிக்க வேண்டும். மழைநீர் சேமிப்பு நல்லதுதான், ஆனால் சிறிய தொட்டியில் பிடித்துத் துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

உண்மையில் தண்ணீர் மிச்சமாவது குளியலறையில். ஷவரைத் திறந்து எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர் போகும். பக்கெட்டில் குளித்தால் இருபது, இருபத்தைந்து. ஊட்டிக் குளிரில் இன்னொன்றும் நடக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. வெந்நீர் மாடியில் ஒரே இடத்தில் காய்ச்சப்பட்டுக் குழாயில் இறங்கினால், வெந்நீர் வரும்வரை குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போகும். 20 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள குழாய் 20 மீட்டர் ஓடினால் அதற்குள் ஆறு லிட்டருக்கு மேல் நிற்கும். ஒவ்வொரு முறை குழாய் திறக்கும்போதும் ஆறு லிட்டர். அறைக்கு அறை சின்ன கீஸர் வைத்தாலோ, குழாய்க்குச் சூடு காக்கும் உறை போட்டாலோ இது பெருமளவு குறையும். ஒன்றும் முடியாவிட்டால் குழாயடியில் ஒரு பக்கெட் வைத்து "முதலில் இதில் பிடியுங்கள்" என்று எழுதி ஒட்டலாம். செலவு நூற்றைம்பது ரூபாய்.

உள்ளே போன தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியே வரும். என்னைக் கேட்டால் மலை ஊர்ச் சுற்றுலாவின் மிகப் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் பேசுவதில்லை.

ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டும் செப்டிக் டேங்க் ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் ஒரு மீட்டர். கொள்ளளவு 1,125 லிட்டர். ஐந்து பேரின் கழிவுநீர் நாளைக்கு 540 லிட்டர். அதாவது உள்ளே வந்த நீர் இரண்டு நாள் அசையாமல் நிற்கும். கசடு அடியில் படியும், கிருமிகள் அதைத் தின்னும், ஓரளவு தெளிந்த நீர் உறிஞ்சு குழிக்குப் போகும். இப்போது அந்த வீட்டைத் தடுத்து ஆறு அறைக் காட்டேஜ் ஆக்கியாயிற்று. சீசனில் 15 பேர், ஆளுக்கு 180 லிட்டர், கழிவுநீர் 2,160 லிட்டர். அதே தொட்டியில் நீர் நிற்பது இனி அரை நாள்தான், அதுவும் தொட்டி காலியாக இருந்தால். பாதி கசடு நிறைந்திருந்தால் ஆறு மணி நேரம். படிய நேரமில்லாத கசடு அப்படியே உறிஞ்சு குழிக்குள் இறங்கி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். குழி உறிஞ்ச மறுக்கும். நீர் சரிவுக்குள்ளேயே இறங்கி, கீழே எங்கேயோ ஒரு ஹட்டியின், அதாவது படகர் கிராமத்தின், ஊற்றுக்குப் பக்கத்தில் கசியும். சமவெளியைவிட ஊட்டியில் குளிர் அதிகம், கிருமிகள் மெதுவாகத்தான் வேலை செய்யும், கசடு சீக்கிரம் சேரும். சமவெளிக் கணக்கில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும் என்பது சீசன் காட்டேஜுக்குப் பொருந்தாது. ஏப்ரலுக்கு முன் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை தொட்டியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். கசடு மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிட்டுவிடுவது நல்லது. கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: லாரி அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது?

வீடு காட்டேஜ் ஆவது ஏன் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மாதம் 8,000 ரூபாய்க்கு ஒரு குடும்பத்துக்கு விடும் வீட்டை, சீசனில் நாளுக்கு 2,000-க்கு விட்டால் நான்கே நாளில் மாத வாடகை வந்துவிடும். அந்த ஊரிலேயே வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளர், நர்ஸ், விடுதியின் சமையல்காரர் எல்லாம் தள்ளித் தள்ளிப் போய்க் குடியேற வேண்டியதுதான். 1993-இல் வந்த மாஸ்டர் பிளான் விதிகள் நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் எல்லை வைத்தன. உயரத்தை அளந்துவிடலாம். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டுக்குள் எத்தனை கட்டில் போட்டிருக்கிறார்கள் என்பதை யார் அளப்பது? ஹோம்ஸ்டே என்றால் ஒன்றிலிருந்து ஆறு அறை வரை, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வழிகாட்டுதல். ஹோம்ஸ்டே என்று போர்டு வைத்து, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உரிமையாளர் பெங்களூரில் இருந்தால் அது விடுதி, ஹோம்ஸ்டே அல்ல. வரியையும் தண்ணீர்க் கட்டணத்தையும் விடுதிக்கு உரியபடி வாங்க வேண்டும். பாஸ் எடுக்கும்போதே தங்குமிடத்தின் பதிவு எண்ணைக் கேட்டு, பதிவான கட்டில்கள் தீர்ந்ததும் இரவு தங்குவதற்கான பாஸை நிறுத்தினால், நகராட்சியின் நோட்டீஸைவிட வேகமாக வேலை நடக்கும். பதிவு செய்யாத காட்டேஜுக்கு விருந்தாளியே வர முடியாதே!

இனி காசு. 3,000 ரூபாய் அறையைச் செயலியில் பதிவு செய்தால் 450-இலிருந்து 750 வரை கமிஷனாகப் போய்விடும். கட்டடம் வெளியூர்க்காரருடையது என்றால் குத்தகையும் கீழே இறங்கிவிடும். சம்பளம் மட்டும் ஊரில் தங்கும், அதிலும் ஒரு பகுதி ஒடிசாவுக்கோ ஜார்க்கண்டுக்கோ மணியார்டர் ஆகும். அதில் தப்பில்லை, அங்கிருந்து வந்து வேலை பார்ப்பவர்களும் உழைக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுக் காசும் கீழே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. ஏலம், கமிஷன், ஏற்றுகூலி எல்லாம் அங்கே. விடுதிக்கு மொத்தமாகச் சரக்கு போடுபவர் கீழிருந்து வாங்கி வந்தால், கேத்தி பள்ளத்தாக்குக் கேரட் இரண்டு முறை மலைப்பாதையைப் பார்த்துவிட்டு விருந்தாளியின் தட்டுக்கு வருகிறது.

இதை மாற்ற முடியும் என்று காட்டிய ஊர் குமரகம். கோட்டயம் மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயல் கரையில் இருக்கிறது. 2007-இல் கேரள அரசு பொறுப்புச் சுற்றுலாவுக்குக் குமரகம், தேக்கடி, வயநாடு, கோவளம் என நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. 2008-இல் குமரகத்தில் வேலை தொடங்கியது. அதற்கு முன் அங்கே ரிசார்ட்டுகள்மேல் ஊர்க்காரர்களுக்குக் கோபம் இருந்தது. பஞ்சாயத்து, விடுதிகள், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். விடுதி தனக்கு எந்தக் காய் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும், குழுக்கள் அதற்கேற்ப விதைக்கும். தரம் பார்க்க ஒரு குழு, விலை வைக்க ஒரு குழு. தரிசாகக் கிடந்த வயல்களில் மறுபடி பயிர் ஏறியது. 2013-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது இந்த வேலைக்காகக் கேரளத்துக்குக் கிடைத்தது. 2017-இல் மாநிலம் முழுமைக்குமான மிஷனாக மாறியது.

விருதைவிட, எங்கெங்கே இடறும் என்பதுதான் ஊட்டிக்குப் பாடம். விடுதியின் தேவை மே மாதம் நான்கு மடங்காகும், ஜூலையில் படுத்துவிடும். கேரட் விதைத்தால் பறிக்க மூன்று மாதத்துக்கும் மேல் ஆகும். எனவே மே மாத ஆர்டரை ஜனவரியில் சொல்லியாக வேண்டும். அடுத்து, விடுதிகள் முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் கடன் சொல்லிப் பழகியவை. மண்டியில் கையோடு காசு வாங்கிப் பழகிய விவசாயி இரண்டாவது வாரமே மண்டிக்குத் திரும்பிவிடுவார். ஏழு நாளுக்குள் பட்டுவாடா என்று எழுதிக்கொள்ளாத ஒப்பந்தம் நிற்காது. மூன்றாவது சிக்கல், தரம். சமையல்காரர் ஒரே அளவு கேரட் கேட்பார், நறுக்கச் சுலபம். கோணல் கேரட்டைச் சூப்புக்கும் அல்வாவுக்கும் வாங்கிக்கொள்வதாக முதலிலேயே விலை பேசிவிட்டால் அந்தச் சண்டை வராது.

அளவு என்று பார்த்தால் இது மலைப்பான காரியமும் இல்லை. 40 பேர் தங்கும் விடுதிக்கு ஆளுக்கு 250 கிராம் வீதம் நாளைக்குப் பத்து கிலோ காய். பத்து விடுதி சேர்ந்தால் நூறு கிலோ, சின்ன சரக்கு ஆட்டோவில் ஒரு நடை. ஒரு மகளிர் குழுவே பார்த்துக்கொள்ளலாம். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு இருக்கிறது. அதை வாங்கிச் சமைத்து மெனுவில் ஊர் பெயரைப் போட்டால் விடுதிக்கும் விளம்பரம்.

குப்பையைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று, ஒரு விஷயம் மட்டும். டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் பணத்தைக் கொடுக்கும் முறை 2022 மே மாதம் நீலகிரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் காட்டு ஓரத்தில் உடைந்த கண்ணாடி யானையின் காலில் குத்தும் என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள், யாரும் படிக்கவில்லை. பத்து ரூபாய் வேலை செய்தது. குடிப்பவர் வீசினாலும் பொறுக்குபவருக்குக் கூலி இருக்கிறது. பிளாஸ்டிக் தடையோ இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மாவட்டத்தில் இருக்கிறது, சிப்ஸ் பாக்கெட் இன்னும் பறக்கிறது. அதற்கு யாரும் பத்து ரூபாய் கொடுப்பதில்லை. ஈரக் குப்பை வேறு கதை. திறந்த தொட்டியில் பிரியாணி மிச்சம் விழுந்தால் காட்டுப்பன்றி வரும், கரடி வரும், பன்றிக்கும் நாய்க்கும் பின்னால் சிறுத்தை வரும். பயணி மறுநாள் இறங்கிவிடுவார், அந்தத் தெருவில் ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வருவது தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி.

கட்டில் எங்கே போடப்படுகிறது என்பதும் எண்ணிக்கை அளவுக்கு முக்கியம். மசினகுடி பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்தை 2010-இல் தமிழக அரசு அறிவித்தது, உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இடையில் 2018-இல் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். சீல் வைத்தபோது முதலாளிக்கு முதலீடு போனது, அவருக்கு வேறு ஊரில் வேறு கட்டடம் இருக்கலாம். மசினகுடி ஜீப் ஓட்டுநருக்கும் அறை பெருக்கிய பெண்ணுக்கும் மாதச் சம்பளம் போனது. கட்ட விட்டுவிட்டுப் பிறகு பூட்டினால் ஊர்க்காரர்தான் இரண்டு முறை அடிபடுகிறார். 2021 ஜனவரியில் அதே மசினகுடியில் ஒரு ரிசார்ட் பக்கம் வந்த யானைமேல் எரியும் டயரை வீசினார்கள், அது செத்துப்போனது.

போகிறவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் இருக்கிறது, அணையிலும் தண்ணீர் இருக்கும், அப்போது போங்கள். மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. மலை ரயிலில் இடம் கிடைத்தால் உங்கள் யோகம். பதிவு செய்யும் முன் விடுதிக்கு நேராகப் போன் போட்டு மூன்று கேள்வி: உரிமையாளர் அங்கேயே இருக்கிறாரா, மே மாதத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் கொஞ்சம் மௌனம் இருக்கும். பரவாயில்லை, பத்து பேர் கேட்டால் பதில் தயாராகிவிடும்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போனால் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், அது அவர்கள் வீட்டு வாசல். தோடர் பூவேலைச் சால்வை வாங்கினால் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழையை எண்ணி எண்ணிக் கையால் போடுவது. முன் பக்கம், பின் பக்கம் இரண்டும் ஒழுங்காக இருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. பின் பக்கம் வேறு நிறத்தில் பாபின் நூல் ஓடியிருந்தால் அது இயந்திரத் தையல். கை வேலைக்கு அவர்கள் சொல்லும் விலையில் பேரம் பேச வேண்டாம், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது.